அணிகருவிகள் வழி மன அழுத்த அளவீடு

இக்கட்டுரை உடலியல், உளவியல் ஆகிய துறைகளில் பேசப்படும் மன அழுத்தத்தைப் பற்றியது. பொறியியலில் பொருள்களின் உள்ளே தோன்றும் விசை பற்றி அறியத் தகைவு என்னும் கட்டுரையைப் பார்க்க.

அணிகருவிகள் வழி மன அழுத்த அளவீடு என்பது கைக்கடிகாரம், மோதிரம், மார்புப் பட்டை போன்று உடலில் அணியப்படும் மின்னணுக் கருவிகளைக் கொண்டு, அழுத்தத்தின்போது உடலில் ஏற்படும் மாற்றங்களைப் பதிவு செய்து, அவற்றிலிருந்து ஒருவரின் அழுத்த நிலையை மதிப்பிடும் முறை ஆகும். இதயத்துடிப்புகளுக்கு இடைப்பட்ட காலம், தோலின் மின்கடத்துதிறன், தோலின் வெப்பநிலை, உடல் அசைவு ஆகியன பெரும்பாலும் அளவிடப்படுகின்றன. இக்கருவிகள் எவையும் மன அழுத்தத்தை நேரடியாக அளப்பதில்லை. அவை தன்னியக்க நரம்பு மண்டலத்தின் கிளர்ச்சியை அளக்கின்றன. அக்கிளர்ச்சிக்கு மன அழுத்தமே காரணம் என்பது மென்பொருள் செய்யும் ஊகமாகும். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடே இத்துறையின் முதன்மையான சிக்கல் எனலாம்.

பேச்சு வழக்கில் மனச்சோர்வு நோயையும் மன அழுத்தம் என்று குறிப்பிடுவதுண்டு. இரண்டும் வேறு. அணிகருவிகள் காட்டும் அழுத்த மதிப்பெண் மனச்சோர்வு நோய்க்கான சோதனை அன்று.

உடலியல் பின்புலம்

உடலின் விருப்பத்துக்கு உட்படாத செயல்களைக் கட்டுப்படுத்துவது தன்னியக்க நரம்பு மண்டலம் ஆகும். இது இரு முதன்மைப் பிரிவுகளைக் கொண்டது. பரிவு நரம்பு மண்டலம் இடர் நேரத்தில் உடலைச் செயலுக்கு ஆயத்தப்படுத்துகிறது. இதயம் விரைந்து துடிக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, விரல்களின் குருதிக் குழாய்கள் சுருங்குகின்றன. எதிர்ப்பரிவு நரம்பு மண்டலம் ஓய்வு, செரிமானம் ஆகியவற்றுக்கு உரியது. இதன் முதன்மை நரம்பான வேகசு நரம்பு இதயத்தின் வேகத்தைக் குறைக்கிறது.

நரம்பு வழியே நொடிகளில் நிகழும் இவ்விளைவுடன், மெதுவான மற்றொரு விளைவும் உண்டு. மூளையின் ஐப்போதலாமசு, கபச் சுரப்பி, அட்ரீனல் சுரப்பி ஆகிய மூன்றும் தொடராக இயங்கிக் கார்ட்டிசால் என்னும் இயக்குநீரைச் சுரக்கச் செய்கின்றன. அழுத்தம் தொடங்கி ஏறத்தாழ 20 முதல் 30 நிமிடங்களுக்குப் பின்னரே உமிழ்நீரில் கார்ட்டிசாலின் அளவு உச்சத்தை அடைகிறது.

இன்று சந்தையில் உள்ள கருவிகள் பெரும்பாலும் முதல் வகை விளைவையே பதிவு செய்கின்றன.

வரலாறு

1733இல் ஆங்கிலேயர் ஸ்டீவன் ஹேல்ஸ், குதிரையின் நாடித்துடிப்பு மூச்சுக்கு ஏற்ப மாறுவதைப் பதிவு செய்தார். 1847இல் செருமானிய உடலியலாளர் கார்ல் லுட்விக், நாயின் இதயத்துடிப்பு மூச்சை உள்ளிழுக்கும்போது விரைவதையும் வெளிவிடும்போது தளர்வதையும் காட்டினார்.

தோலின் மின் பண்புகள் பற்றிய ஆய்வு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கியது. 1888இல் பிரான்சைச் சேர்ந்த சார்லஸ் ஃபெரே, உணர்ச்சித் தூண்டலின்போது தோல் வழியே மின்னோட்டம் எளிதாகப் பாய்வதைக் கண்டார். ஏறத்தாழ அதே காலத்தில் இவான் தர்க்கானோவ், வெளியிலிருந்து மின்சாரம் எதுவும் செலுத்தாமலே தோலில் மின்னழுத்த மாற்றம் தோன்றுவதைக் காட்டினார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உளவியலாளர் கார்ல் யுங் சொல் தொடர்புச் சோதனைகளில் இம்முறையைப் பயன்படுத்தினார். பின்னர் இதே குறிகை பொய்யறி கருவியிலும் சேர்க்கப்பட்டது.

அழுத்தம் பற்றிய கருத்துருவை வளர்த்தவர்களுள் இருவர் முதன்மையானவர்கள். அமெரிக்க உடலியலாளர் வால்டர் கேனன், எதிர்த்துப் போரிடுதல் அல்லது தப்பி ஓடுதல் என்னும் உடல் எதிர்வினையை 1915இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். ஹான்ஸ் செலியே, வெவ்வேறு தீங்குகளுக்கு உடல் ஒரே வகையான எதிர்வினையைக் காட்டுவதாக 1936இல் எழுதினார்.

1930களில் ஆல்ரிக் ஹெர்ட்ஸ்மன், தோலின் மீது ஒளியைப் பாய்ச்சிக் குருதி ஓட்டத்தை அறியும் முறையை உருவாக்கினார். இன்றைய கடிகாரங்களின் அடியில் ஒளிரும் பச்சை விளக்கு இம்முறையின் வழிவந்ததே. 1980களில் பின்லாந்தின் போலார் நிறுவனம் விளையாட்டு வீரர்களுக்காகக் கம்பியில்லா இதயத்துடிப்புமானிகளை விற்பனைக்குக் கொண்டு வந்தது.

1997இல் மாசாச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ரோசலிண்ட் பிக்கார்ட், கணினிகள் மனித உணர்வுகளை அறிவது பற்றிய தமது நூலை வெளியிட்டார். இந்நூல் இத்துறையின் ஆய்வுகளுக்கு வித்திட்டது. இவர் இணைந்து நிறுவிய எம்பாட்டிகா நிறுவனத்தின் மணிக்கட்டுக் கருவிகள் ஆய்வகங்களில் பரவலாயின. 2010களில் கார்மின் கடிகாரங்கள் அழுத்த மதிப்பெண்ணைக் காட்டத் தொடங்கின. 2020இல் ஃபிட்பிட் நிறுவனம் தோல் மின்கடத்தல் உணரி கொண்ட சென்ஸ் கடிகாரத்தை வெளியிட்டது. 2023இல் ஓரா மோதிரத்தில் பகல்நேர அழுத்தத்தைக் காட்டும் வசதி சேர்க்கப்பட்டது.

அளவிடப்படும் குறிகைகள்

இதயத்துடிப்பு இடைவெளி மாறுபாடு

நிமிடத்துக்கு 60 முறை துடிக்கும் இதயம் சரியாக நொடிக்கு ஒருமுறை துடிப்பதில்லை. ஓர் இடைவெளி 980 மில்லிநொடியாகவும் அடுத்தது 1,030 மில்லிநொடியாகவும் இருக்கலாம். இவ்வேறுபாடே இதயத்துடிப்பு இடைவெளி மாறுபாடு எனப்படுகிறது. பொதுவாக, ஓய்வில் உள்ளவரிடம் இது மிகுந்தும் அழுத்தத்தில் உள்ளவரிடம் குறைந்தும் காணப்படும்.

இதற்கான காரணம் நரம்புகளின் வேகத்தில் உள்ளது. இதயத்தின் இயற்கை முடுக்கியான கணு, நரம்புகளின் தலையீடு இல்லாவிடில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 முறை துடிக்கும். வேகசு நரம்பு அதைத் தொடர்ந்து தடுத்து வேகத்தைக் குறைக்கிறது. இந்நரம்பின் விளைவு ஒரு துடிப்புக்குள்ளேயே தோன்றி விரைவில் மறையும். பரிவு நரம்புகளின் விளைவு தோன்றப் பல நொடிகள் ஆகும். எனவே ஒரு துடிப்பிலிருந்து அடுத்த துடிப்புக்கு ஏற்படும் மாற்றம் பெரும்பாலும் வேகசு நரம்பின் கைவண்ணமே. இதய மாற்று அறுவை செய்துகொண்டவரின் புதிய இதயத்தில் நரம்புத் தொடர்பு அறுபட்டிருப்பதால், துடிப்பு வேகமாகவும் ஏறக்குறைய மாறுபாடின்றியும் அமைவது இதற்குச் சான்று.

மாறுபாட்டைக் கணக்கிடும் முறைகளுள் பரவலானது, அடுத்தடுத்த இடைவெளிகளின் வேறுபாடுகளை இருமடிக்கு உயர்த்திச் சராசரி கண்டு வர்க்கமூலம் எடுப்பதாகும். இது ஆர்எம்எஸ்எஸ்டி எனப்படும். எடுத்துக்காட்டாக:

ஓய்வில்: இடைவெளிகள் 820, 860, 810, 850, 830 மில்லிநொடி. வேறுபாடுகள் 40, −50, 40, −20. இவற்றின் இருமடிகளின் சராசரி 1,525. வர்க்கமூலம் ஏறத்தாழ 39 மில்லிநொடி.

அழுத்தத்தில்: இடைவெளிகள் 700, 706, 698, 704, 702 மில்லிநொடி. வேறுபாடுகள் 6, −8, 6, −2. இவற்றின் இருமடிகளின் சராசரி 35. வர்க்கமூலம் ஏறத்தாழ 6 மில்லிநொடி.

முதல் நிலையில் துடிப்பு வீதம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 72, இரண்டாவதில் ஏறத்தாழ 85. துடிப்பு வீதம் சிறிதளவே கூடியிருக்க, மாறுபாடு ஆறில் ஒரு பங்காகச் சுருங்கியுள்ளது. இவ்வெண்கள் கணக்கீட்டை விளக்கவே தரப்பட்டுள்ளன. உண்மை அளவீடுகளில் சில நிமிடங்களின் துடிப்புகள் தேவைப்படும். குறுகிய கால அளவீட்டுக்கு 5 நிமிடப் பதிவை 1996இல் வெளியான ஐரோப்பிய, வட அமெரிக்க இதயவியல் அமைப்புகளின் கூட்டு நெறிமுறை பரிந்துரைத்தது.

இம்மாறுபாட்டின் மருத்துவ முக்கியத்துவம் அழுத்தம் பற்றிய ஆய்வுகளுக்கு வெளியே முதலில் உணரப்பட்டது. 1965இல் ஹான், லீ ஆகியோர், கருவிலுள்ள குழந்தை இடருக்கு உள்ளாகும்போது துடிப்பு வீதம் மாறுவதற்கு முன்பே இடைவெளி மாறுபாடு குறைவதைக் காட்டினர். 1987இல் மாரடைப்புக்கு உள்ளான 808 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு, மாறுபாடு மிகக் குறைந்தவர்கள் இறக்கும் வாய்ப்பு, மாறுபாடு மிகுந்தவர்களைவிட 5.3 மடங்கு என்று கண்டது.

ஒளி வழி நாடி அறிதல்

மருத்துவமனையில் துடிப்பு இடைவெளி, இதய மின்னலை வரைவின் கூர்மையான முகடுகளைக் கொண்டு அளக்கப்படுகிறது. மணிக்கட்டில் அது இயலாத நிலையில் ஒளி பயன்படுகிறது. ஒளியுமிழ் இருமுனையம் தோலுக்குள் பச்சை ஒளியைச் செலுத்துகிறது. குருதியிலுள்ள ஈமோகுளோபின் பச்சை ஒளியை நன்கு உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பின்போதும் தோலடியில் குருதி பெருகுவதால் திரும்பி வரும் ஒளி சற்றே குறைகிறது. இக்குறைவை ஒளி உணரி பதிவு செய்கிறது.

இவ்வலையின் முகடு வட்டமானது. ஆதலால் துடிப்பு நிகழ்ந்த கணத்தைத் துல்லியமாகச் சொல்வது கடினம். மேலும், நொடிக்கு 25 முறை அளவெடுக்கும் கருவியில் இரு அளவுகளுக்கு இடையே 40 மில்லிநொடி உள்ளது. மேற்கண்ட எடுத்துக்காட்டில் அளக்க வேண்டிய வேறுபாடுகளோ 2 முதல் 50 மில்லிநொடி வரை. எனவே இரு அளவுகளுக்கு இடையே அலையின் வடிவத்தைக் கணித்து முகட்டின் இடத்தை மென்பொருள் மதிப்பிட வேண்டியுள்ளது. கை அசைந்தால் உணரி தோலிலிருந்து நகர்ந்து, துடிப்பல்லாத அலைகளும் புகுந்துவிடும். ஒளி உணரிகளின் துல்லியம் பற்றி 2020இல் வெளியான டியூக் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், உடல் இயக்கத்தின்போது பிழை ஓய்வு நிலையைவிடச் சராசரியாக 30% கூடுதலாக இருந்தது. தோல் நிறத்தால் குறிப்பிடத்தக்க வேறுபாடு அந்த ஆய்வில் காணப்படவில்லை. உறக்கத்தின்போது கருவிகள் நம்பத்தக்க அளவுகளைத் தருவதற்கு அசைவின்மையே காரணம்.

தோலின் மின்கடத்தல்

உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் வியர்வைச் சுரப்பிகள் அடர்ந்துள்ளன. இவை வெப்பத்தைவிட உணர்ச்சித் தூண்டலுக்கே மிகுதியாக எதிர்வினை புரிகின்றன. வியர்வைச் சுரப்பிகளைப் பரிவு நரம்புகள் மட்டுமே இயக்குகின்றன. எதிர்ப்பரிவு நரம்புகளுக்கு இங்குப் பங்கில்லை. இதயத்தில் இரு பிரிவுகளின் விளைவும் கலந்து வருவதால், பரிவு நரம்புகளைத் தனியே அறியத் தோலே சிறந்த இடமாகக் கருதப்படுகிறது.

வியர்வையில் உப்பு உள்ளதால் அது மின்சாரத்தைக் கடத்தும். இரு மின்வாய்களைத் தோலில் வைத்து, ஏறத்தாழ 0.5 வோல்ட்டு மின்னழுத்தம் அளித்து மின்னோட்டம் அளக்கப்படுகிறது. கடத்துதிறன் 10 மைக்ரோசீமென்சு எனில் பாயும் மின்னோட்டம் 5 மைக்ரோஆம்பியர் மட்டுமே. இதை உடல் உணராது.

இக்குறிகையில் இரு கூறுகள் உள்ளன. முதலாவது மெதுவாக ஏறி இறங்கும் அடிப்படை மட்டம். இரண்டாவது, திடீர் ஒலி, அச்சம், வியப்பு போன்றவற்றைத் தொடர்ந்து 1 முதல் 3 நொடிகளுக்குள் எழும் சிறு முகடு. ஒரு நிமிடத்தில் எழும் முகடுகளின் எண்ணிக்கையும் உயரமும் கிளர்ச்சியின் அளவாகக் கொள்ளப்படுகின்றன.

மணிக்கட்டில் உணர்ச்சிசார் வியர்வை உள்ளங்கையைவிடக் குறைவு. இதனால் 2020இல் வெளியான ஃபிட்பிட் சென்ஸ் கடிகாரத்தில், பயனர் தம் மறுகையின் உள்ளங்கையைக் கடிகாரத்தின் முகப்பில் வைத்து அசையாமல் இருந்து அளவெடுக்க வேண்டியிருந்தது. 2022இல் வந்த அடுத்த பதிப்பு மணிக்கட்டிலேயே தொடர்ந்து அளந்தது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இடங்களில் உடலைக் குளிர்விக்கும் வியர்வை இக்குறிகையை மூழ்கடித்துவிடக்கூடும்.

தோல் வெப்பநிலை, அசைவு, மூச்சு

அழுத்தத்தின்போது விரல் நுனிகளின் குருதிக் குழாய்கள் சுருங்குவதால் அங்கு வெப்பநிலை குறைகிறது. கை சில்லிட்டுப் போதல் என்று சொல்லப்படுவது இதுவே. அறையின் வெப்பநிலையும் இதை மாற்றுமாகையால் தனித்த சான்றாக இது கொள்ளப்படுவதில்லை.

முடுக்கமானி உடல் அசைவை அளக்கிறது. இது அழுத்தத்தைக் காட்டுவதில்லை, மாறாக எப்போது அளவீட்டை நம்பலாகாது என்பதைக் காட்டுகிறது. படியேறுபவரின் இதயம் விரைவது அழுத்தத்தால் அன்று. அசைவு மிகும்போது பல கருவிகள் மதிப்பெண் காட்டாமல் விட்டுவிடுகின்றன.

மூச்சின் வேகம் துடிப்பு இடைவெளிகளின் ஏற்ற இறக்கத்திலிருந்தே கணிக்கப்படுகிறது.

வியர்வையில் கார்ட்டிசால்

கார்ட்டிசாலைத் தோலொட்டி மூலம் வியர்வையிலிருந்து அளக்கும் ஆய்வுகள் நடைபெறுகின்றன. ஒரு மில்லிலிட்டர் வியர்வையில் இது நானோகிராம் அளவிலேயே உள்ளதாலும், ஓய்வில் போதிய வியர்வை கிடைக்காததாலும் இது எளிதன்று. மேலும் கார்ட்டிசால் விழித்தெழுந்த பின் அரை மணி முதல் முக்கால் மணி நேரத்தில் இயல்பாகவே உச்சமடைந்து இரவில் தாழ்கிறது. ஆகவே நேரத்தைக் குறிக்காத அளவுக்குப் பொருளில்லை.

குறிகையிலிருந்து மதிப்பெண் வரை

பெரும்பாலான கருவிகள் பின்வரும் படிகளைக் கொண்ட முறையைப் பின்பற்றுகின்றன.

1. உணரியின் குறிகையிலிருந்து இரைச்சல் வடிகட்டப்படுகிறது.
2. அசைவு மிகுந்த பகுதிகள் நீக்கப்படுகின்றன.
3. துடிப்பு இடைவெளி மாறுபாடு, முகடுகளின் எண்ணிக்கை போன்ற கூறுகள் கணக்கிடப்படுகின்றன.
4. அவை அதே நபரின் முந்தைய நாட்களின் அளவுகளுடன் ஒப்பிடப்படுகின்றன. துடிப்பு இடைவெளி மாறுபாடு வயதுக்கும் ஆளுக்கும் ஏற்ப வேறுபடுவதால் இப்படி இன்றியமையாதது.
5. விளைவு ஒரே எண்ணாகச் சுருக்கப்படுகிறது.

எடுத்துக்காட்டாக, கார்மின் கருவிகளில் மதிப்பெண் 0 முதல் 100 வரை அமைந்துள்ளது. 25 வரை ஓய்வு, 26 முதல் 50 வரை குறைந்த அழுத்தம், 51 முதல் 75 வரை நடுத்தரம், 76க்கு மேல் மிகுந்த அழுத்தம் என வகைப்படுத்தப்படுகிறது. இதன் பின்னணியில் உள்ள கணிப்பு முறை பின்லாந்தின் ஃபர்ஸ்ட்பீட் நிறுவனம் உருவாக்கியதாகும். அந்நிறுவனத்தின் இப்பிரிவைக் கார்மின் 2020இல் வாங்கியது. வணிகக் கருவிகளின் கணிப்பு முறைகள் முழுமையாக வெளியிடப்படாததால், ஒரு நிறுவனத்தின் மதிப்பெண்ணை மற்றொன்றுடன் ஒப்பிட இயலாது.

ஆய்வகமும் அன்றாட வாழ்வும்

மென்பொருளைப் பயிற்றுவிக்க, அழுத்தத்தில் உள்ளவர் என்று உறுதியாக அறியப்பட்ட ஒருவரின் தரவு தேவை. இதற்காகச் செருமனியின் டிரியர் பல்கலைக்கழகத்தில் உருவாக்கப்பட்டு 1993இல் வெளியிடப்பட்ட டிரியர் சமூக அழுத்தச் சோதனை பயன்படுகிறது. இதில் பங்கேற்பவர் முகபாவம் காட்டாத நடுவர்களுக்கு முன் ஆயத்தமின்றிப் பேசவும், பின்னர் பெரிய எண்ணிலிருந்து ஒரு குறிப்பிட்ட எண்ணைத் தொடர்ந்து கழித்துச் சொல்லவும் வேண்டும். பிழை நேர்ந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

2018இல் வெளியான வெசாட் தரவுத் தொகுப்பு இவ்வகைச் சோதனையைப் பயன்படுத்தியது. 15 பேர் பங்கேற்ற அதில், அழுத்தம் உண்டா இல்லையா என்று பிரித்தறிவதில் இயந்திரக் கற்றல் முறைகள் 93% வரை சரியாக இருந்தன. இயல்பு நிலை, அழுத்தம், மகிழ்வூட்டல் என மூன்றாகப் பிரிக்கச் சொன்னபோது அது 80% ஆகக் குறைந்தது.

ஆய்வகத்துக்கு வெளியே நிலைமை வேறு. நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இடம்பெற்ற குழு 2025இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 800 மாணவர்கள் மூன்று மாதங்கள் கார்மின் கருவியை அணிந்தனர். நாள்தோறும் நான்கு முறை தம் மனநிலையையும் பதிவு செய்தனர். கருவி காட்டிய அழுத்த மதிப்பெண்ணுக்கும் மாணவர்கள் தாமே கூறிய அழுத்தத்துக்கும் இடையே ஏறக்குறைய தொடர்பே காணப்படவில்லை. உறக்கத்தின் நீளம் குறித்த அளவீடுகள் இதைவிட நன்கு பொருந்தின.

வரம்புகள்

உடலின் கிளர்ச்சி நன்மை தீமை அறியாது. தேர்வறையில் அமர்ந்திருப்பவரின் இதயமும், தம் அணி வெல்லும் தறுவாயில் உள்ள ஆட்டத்தைக் காண்பவரின் இதயமும் ஒரே வகையில் விரையலாம். கருவி இரண்டையும் உயர் அழுத்தம் என்றே காட்டும். மேலும் பின்வருவன மதிப்பெண்ணை மாற்றக்கூடியவை.

* காப்பி, மது, புகையிலை. மாலையில் மது அருந்தியவருக்கு உறக்கத்திலும் உயர்ந்த மதிப்பெண் காட்டுவது பரவலாகக் காணப்படுகிறது.
* காய்ச்சல், நீரிழப்பு, வயிறு நிறைந்த உணவு, கடும் உடற்பயிற்சிக்குப் பிந்தைய மணிநேரங்கள்.
* இதயத்துடிப்பைக் குறைக்கும் பீட்டா தடுப்பு மருந்துகள்.
* ஒழுங்கற்ற இதயத்துடிப்பு. மேலறை நடுக்கம் உள்ளவரிடம் இடைவெளிகள் தாறுமாறாக மாறுவதால் கணக்கீடு பெரிய எண்ணைத் தரும். நோய் உள்ளவரை மிக அமைதியானவர் என்று இது காட்டிவிடலாம்.
* மூச்சின் வேகம். நிமிடத்துக்கு 6 முறை மெதுவாக மூச்சுவிட்டால், இதயத்துடிப்பின் அலைவு 0.1 ஏர்ட்சுக்கு இறங்குகிறது. இது தாழ் அதிர்வெண் பட்டையில் விழுவதால், தாழ், உயர் அதிர்வெண்களின் விகிதத்தை அழுத்தத்தின் அளவாகக் கொள்ளும் பழைய முறை, மூச்சுப் பயிற்சியில் அமைதியாக உள்ளவரை அழுத்தத்தில் உள்ளவராகக் கருதும்.

மறுதலையாக, நீண்ட நாள் கவலையில் உழல்பவர் நாற்காலியில் அசையாது அமர்ந்திருக்கும்போது இயல்பான மதிப்பெண்ணே கிடைக்கலாம். குறைந்த மதிப்பெண் ஒருவருக்குத் துன்பமில்லை என்பதற்குச் சான்றாகாது.

எண்ணே மனநிலையை மாற்றுவதும் உண்டு. 2018இல் வெளியான ஓர் ஆய்வில், தூக்கமின்மை உள்ளவர்களிடம் அணிகருவி அளந்ததாகக் கூறிப் பொய்யான தகவல் தரப்பட்டது. மோசமாக உறங்கியதாகச் சொல்லப்பட்டவர்கள் அன்றைய பகலில் கூடுதல் சோர்வை உணர்ந்தனர்.

பயன்கள்

இவ்வரம்புகளுக்கு உட்பட்டும் இக்கருவிகளுக்குப் பயன் உண்டு. ஒருவரின் பல வாரத் தரவுகளை அவருடைய முந்தைய நிலையுடனேயே ஒப்பிடும்போது, உறக்கக் குறைவு, நோயின் தொடக்கம், மிகைப் பயிற்சி ஆகியவற்றின் அறிகுறிகள் தென்படலாம். விளையாட்டு வீரர்கள் காலைநேர இடைவெளி மாறுபாட்டைக் கொண்டு அன்றைய பயிற்சியின் அளவை முடிவு செய்வதுண்டு. மெதுவான மூச்சுப் பயிற்சியின் விளைவை உடனுக்குடன் காட்டும் உயிர்ப்பின்னூட்ட முறையிலும் இவை உதவுகின்றன.

மன அழுத்தத்துக்கு அப்பாற்பட்ட பயன் ஒன்றும் கிடைத்தது. கடும் வலிப்பின்போது தோலின் மின்கடத்துதிறன் மிக உயர்வதைப் பிக்கார்டின் குழு கண்டறிந்தது. இதன் அடிப்படையில் அமைந்த எம்பாட்டிகாவின் எம்ப்ரேஸ் கைப்பட்டைக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018இல் ஒப்புதல் அளித்தது. வலிப்பு என்பது தெளிவான உடல் நிகழ்வு, அழுத்தம் என்பது ஒருவர் தம் நிலையை உணரும் விதத்தையும் சார்ந்தது. ஒரே உணரி முன்னதில் நன்கு பயன்பட்டுப் பின்னதில் தடுமாறுவதை இவ்வேறுபாடு விளக்குகிறது.

தனியுரிமையும் சட்டமும்

பணியாளர்களின் அழுத்தத்தை நிறுவனங்கள் கண்காணிக்கக்கூடும் என்பது இத்தொழில்நுட்பத்தின் மீதான முதன்மையான அச்சமாகும். உடற்குறிகளிலிருந்து உள்ளத்தை ஊகிக்கும் முயற்சிக்குப் பொய்யறி கருவி ஓர் எச்சரிக்கையாக உள்ளது. அதன் அறிவியல் அடிப்படை வலுவற்றது என அமெரிக்கத் தேசிய ஆய்வுக் குழுமம் 2003இல் அறிக்கை வெளியிட்டது. ஒருவரின் இசைவின்றிப் பொய்யறி சோதனைக்கு அவரை உட்படுத்தலாகாது என இந்திய உச்ச நீதிமன்றம் 2010இல் செல்வி எதிர் கர்நாடக மாநிலம் வழக்கில் தீர்ப்பளித்தது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி, உடல்நலத் தரவைச் சிறப்புப் பாதுகாப்புக்கு உரியதாக 2018 முதல் நடத்துகிறது. அவ்வொன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம், பணியிடங்களிலும் கல்வி நிலையங்களிலும் உயிரளவைத் தரவுகளைக் கொண்டு உணர்ச்சிகளை ஊகிக்கும் அமைப்புகளைத் தடை செய்கிறது. மருத்துவம், பாதுகாப்பு ஆகிய காரணங்களுக்கு விலக்கு உண்டு. இத்தடை 2025 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ளது.

இவற்றையும் பார்க்க

* தன்னியக்க நரம்பு மண்டலம்
* வேகசு நரம்பு
* இதய மின்னலை வரைவு
* கார்ட்டிசால்
* பொய்யறி கருவி
* உயிர்ப்பின்னூட்டம்